கம்ப்யூட்டரில் தொப்பூர் இறங்கிய கதை

என் லாரி தொப்பூர் கணவாயில் பள்ளத்துக்குள் விழுந்ததை நானும் என் மனைவியும் மச்சினனும் வரக்காப்பி குடித்துக்கொண்டே பார்த்தோம். விழுந்ததைப் பார்த்தோம் என்றுகூடச் சொல்ல முடியாது. வளைவுக்கு முன்னால் லாரி அப்படியே நின்றுவிட்டது. லாரி மட்டுமல்ல, ரோடும் மரமும் வானத்தில் பறந்துகொண்டிருந்த காக்கையும் நின்றுவிட்டன. நான் பிரேக் பட்டனை அமுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். படத்துக்கு மறுபடி உயிர் வந்தபோது லாரி பள்ளத்தில் மல்லாக்கக் கிடந்தது. நடுவில் என்ன நடந்தது என்பதைக் கம்ப்யூட்டர் எங்களுக்குக் காட்டவில்லை. பார்த்தால் மனசு கஷ்டப்படும் என்று நினைத்திருக்கலாம்.

"போச்சா?" என்றாள் மனைவி.

"போச்சு."

"என்னாங்க லோடு?"

"தக்காளி."

"நல்லவேள. இப்ப வெல கம்மிதான்," என்று டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, கிளீனராக லாரி ஏறி, பிறகு டிரைவர் ஆனவன் நான். நாற்பதை நெருங்குகிறேன். இந்த வயதில் ஒருவன் வேலைக்குப் போகாமல் பட்டப்பகலில் லாரி கேம் விளையாடிக்கொண்டிருந்தால் ஊரில் என்ன பேசுவார்களோ அதையெல்லாம் குறையில்லாமல் பேசினார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் பக்கத்தில் லாரி ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். லாரியை வீட்டுக்குள் வைத்து ஓட்டியவன் நான் ஒருத்தன்தான்.

காரணம் இருந்தது. ஆடி மாதத்தில் ஒரு நாள், தர்மபுரியிலிருந்து சேலத்துக்குத் தொப்பூர் இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தேன். என் கண்ணாடியில் ஒரு லாரி தெரிந்தது. தெரிந்த விதமே சரியில்லை. கண்ணாடிக்குள் அவ்வளவு சீக்கிரம் எதுவும் பெரிதாகக் கூடாது. அதற்குப் பிரேக் போய்விட்டிருந்தது. என் பக்கவாட்டுக் கண்ணாடியைப் பிய்த்து எடுத்துக்கொண்டு, என்னைத் தாண்டிப் போய், வளைவின் சுவரில் மோதி நின்றது. அந்த டிரைவர் கை கால் கட்டோடு பிழைத்துக்கொண்டார். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. "உனக்கு ஒண்ணும் ஆவலியே" என்று பார்க்க வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். சிலர் குரலில் கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது. பழம் பிஸ்கட்டெல்லாம் வாங்கிக்கொண்டு வந்திருந்தார்களே, பாவம்.

ஒன்றும் ஆகாத அந்த நாளுக்குப் பிறகு லாரி சீட்டில் உட்கார்ந்தாலே என் வலது கால் தானாக ஆட ஆரம்பித்தது. பிரேக்கில் வைத்தாலும் ஆடியது, ஆக்ஸிலேட்டரில் வைத்தாலும் ஆடியது. பிறவியிலேயே நான் கவலைக்காரன். ஒவ்வொரு டீக்கடையிலும் இறங்கித் தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துப் பார்க்கிறவன். வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்து பூட்டை ஆட்டிப் பார்க்கிறவன். ஆனாலும் கால் என் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. இப்போது அதுவும் தனியாகக் கவலைப்பட ஆரம்பித்துவிட்டது.

லாரி ஓனர் நல்ல மனுசர். வீட்டுக்கே வந்து பக்குவமாகச் சொன்னார். "பொங்கல் வரைக்கும் அது உங்க வண்டிதாங்க. ஆக்டிங் டிரைவரப் போட்டு ஓட்டிக்கறேன். பொங்கலுக்கு மேல தள்ளிப் போச்சுன்னா அவனையே நெலையா வெச்சுக்கற மாதிரி ஆயிடும். தப்பா நெனச்சுக்காதீங்க." நான் தப்பாக நினைக்கவில்லை. அவர் கிளம்பிய பிறகு, பொங்கல் எப்போது வருகிறது என்று காலண்டரைப் பார்த்தேன். பயப்படுகிறவனுக்குப் பொங்கல் எப்போதும் கொஞ்சம் முன்னாடியேதான் வருகிறது.

இந்த நேரத்தில்தான் என் மனைவியின் தம்பி வைத்தியராக அவதாரம் எடுத்தான். தர்மபுரியில் ஒரு செல்போன் கடையில் ரிப்பேர் பார்க்கிறவன். உலகத்தில் எந்தச் சிக்கலும் ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகும் என்பது அவன் கொள்கை. என்னையும் அப்படித்தான் பார்த்தான்.

"மாமா, ஏரோப்ளேன் ஓட்டறவங்களுக்கே மொதல்ல கம்ப்யூட்டர்லதான் பழக்கறாங்க. நீங்களும் கம்ப்யூட்டர்ல தொப்பூர் எறங்குங்க. கால் தானா பழகிக்கும்."

"ஏரோப்ளேனுக்கு எதிர்ல மாடு வராது மாப்ள."

"இந்த கேம்லயும் மாடு வராது."

"அப்ப அது எப்பிடி தொப்பூர் ஆவும்?"

ஆனாலும் கொண்டுவந்துவிட்டான். ஏதோ ஒரு ஆபீசில் பல வருசம் உழைத்து ஓய்வு பெற்ற கம்ப்யூட்டர் அது. பெட்டியின் முன்பக்கத்தில் யாரோ ஒட்டிய சாமி ஸ்டிக்கர் பாதி உரிந்திருந்தது. லாரி கேமையும் அவனே ஏற்றிக் கொடுத்தான். யாரோ ஒரு புண்ணியவான் வேலை வெட்டி இல்லாமல் எங்கள் கணவாயைப் போலவே ஒரு ரோட்டைச் செய்து இணையத்தில் போட்டிருந்தான். வளைவு, சுவர், எச்சரிக்கைப் பலகை எல்லாம் இருந்தன. என் கால் ஆட ஆரம்பித்த வளைவும் இருந்தது.

கம்ப்யூட்டருக்குத்தான் அதை ஓட்டத் தெம்பில்லை. கேமுக்கென்று தனியாக கிராபிக்ஸ் கார்டு வேண்டுமாம், இதில் இல்லை. "இன்ஜின் இருக்குது மாமா, டர்போ இல்ல" என்று மச்சினன் சொன்னதும் எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு வினாடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்று காட்டும் ஒரு எண்ணைத் திரையின் மூலையில் வரவைத்தான். எண் பெரிதாக இருந்தால் படம் வழுக்கிக்கொண்டு ஓடும். சின்னதாக இருந்தால் திக்கும். எங்களுடையது, கேட்டால் பாவமாக இருக்கும் அளவுக்குச் சின்ன எண். அதைக் காட்டாமலே இருந்திருக்கலாம். கவலைக்காரனிடம் ஒரு மீட்டரைக் கொடுத்தால் அவன் ரோட்டைப் பார்ப்பானா? எண்ணைப் பார்த்துக்கொண்டே போய் இரண்டு முறை மைல்கல்லில் மோதினேன்.

வேகமாக்கும் வேலை தொடங்கியது. அதற்கென்று வீடியோக்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரு பழைய கம்ப்யூட்டரின் பின்னாலிருந்து ராக்கெட்டைப் போல நெருப்பு வரும். பேசுகிற பையன் மூச்சு விடாமல் கத்துவான். அந்த நெருப்பைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு இன்னொரு பயம் சேர்ந்துகொண்டது. கம்ப்யூட்டர் பெட்டியின் உடம்பை நான் தொடுவதே இல்லை. பட்டனைக்கூட மர ஸ்கேலால்தான் அமுக்கினேன்.

மச்சினன் முதலில் குப்பையை அள்ளினான். ஏதோ ஒரு வார்த்தை அடித்தான். திரை நிறையப் பைல்கள் வரிசை கட்டி நின்றன. எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழிக்கப் போனான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இதெல்லாம் யாரோடது?"

"யாரோடதும் இல்ல மாமா. தற்காலிக பைலு. குப்ப."

"குப்பைக்கு எதுக்குப்பா தனித்தனியா பேர் வெச்சிருக்குது?"

"கைய விடுங்க."

அழித்துவிட்டான். அன்று முழுவதும் அந்தப் பழைய ஆபீசில் யாருக்கோ வரவேண்டிய பென்சன் என்னால் நின்றுபோகும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து, கம்ப்யூட்டரைத் திறந்ததும் தானாகவே எழுந்து ஓடிக்கொண்டிருந்த சில்லறை வேலைகளை எல்லாம் நிறுத்தினான். அத்தனை இருந்தன. நான் லாரியை எடுக்கும்போது எனக்குத் தெரியாமல் பின்னால் ஒரு கல்யாணக் கூட்டமே ஏறி உட்கார்ந்திருந்தது போல. கரண்டை எப்படிச் செலவழிப்பது என்று ஒரு இடத்தில் கேட்டிருந்தது. அதை 'பேலன்ஸ்' என்பதிலிருந்து முழு வேகத்துக்கு மாற்றினான். "இத்தன நாளா பேலன்ஸாதான ஓடுனுது, அத ஏன் கெடுக்கற?" என்று கேட்டேன். படத்தின் அளவைக் குறைத்தான். ரோடு ராகிக் களி கிண்டியது போல ஆயிற்று. எதிரில் வருவது பஸ்ஸா பாலமா என்று கிட்டே போனால்தான் தெரியும். நிழலை நிறுத்தினான். நிழல் இல்லாத லாரி தரையில் படாமல் பேய் மாதிரி மிதந்தது. புல்லை நிறுத்தினான். மலை மொட்டையாயிற்று. கடைசியில் லாரியின் கண்ணாடிகளுக்கு வந்தான்.

"கண்ணாடிதான் மாமா ரொம்ப இழுக்குது. ஒவ்வொரு கண்ணாடிக்குள்ளயும் பின்னாடி ரோட்ட அது தனியா வரையணும். நிறுத்திட்டா நல்லா ஓடும்."

"அத மட்டும் வேண்டாம்."

"கேம்ல பின்னாடி யாரும் வரப்போறதில்ல மாமா."

"வேண்டாம்னா வுட்டுடு."

மச்சினன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு கண்ணாடியை அப்படியே விட்டுவிட்டு, காட்டில் இருந்த மிச்ச மரங்களை வெட்டினான். அவன் எனக்குச் செய்த வைத்தியத்தில் அது ஒன்றுதான் சரியான வைத்தியம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

பிறகு, செத்துப்போன இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து ஒரு ரேம் துண்டை எடுத்துவந்தான். அதன் பல்லைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்தான். அது ஒரு பெரிய தொழில்நுட்பமாம். இந்தப் பெட்டியில் இருந்த ஒற்றை ரேமுக்கு அதை ஜோடியாகச் செருகினான். உண்மையாகவே பலன் தெரிந்தது. மூலையில் இருந்த எண் கொஞ்சம் தலைநிமிர்ந்தது. பாதிக் கணவாய் வரைக்கும் திக்காமல் இறங்கினேன். மேசைக்கு அடியில் கால் ஆடியது, ஆனாலும் பிரேக் பிடித்த இடத்தில் வண்டி நின்றது. இந்தக் கணக்கில் போனால் பொங்கலுக்குள் தேறிவிடுவேன் என்று எனக்கே தோன்றியது.

அப்போதுதான் ஆயுத பூஜை வந்தது.

வழக்கமாக அன்று லாரி எங்கள் வீட்டு முன்னால் நிற்கும். கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவோம். இந்த முறை லாரி ஆக்டிங் டிரைவரோடு எங்கேயோ ரோட்டில் இருந்தது. என் மனைவி வாசலையும் பார்த்தாள், மேசைக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டர் பெட்டியையும் பார்த்தாள்.

"இப்போதைக்கு உங்களுக்கு வண்டி இதுதான?"

பெட்டியை வெளியே இழுத்து முன்னாலும் பின்னாலும் சந்தனம் வைத்தாள். எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்துக் கட்டினாள். அத்தோடு நிற்கவில்லை. லாரி ரோட்டில் போகும் நாட்களில் வெள்ளிக்கிழமை தவறாமல் வாசலில் ஒரு சூடம் ஏற்றுகிறவள் அவள். அந்தப் பழக்கத்தில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பெட்டிக்குப் பூசை நடந்தது. போன வாரச் சந்தனத்தைக் கழுவிவிட்டுத்தான் புதுசு வைக்க வேண்டும், லாரிக்கு அப்படித்தான். ஆனால் கம்ப்யூட்டர் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்று நான் தினமும் அவளுக்குப் பாடம் எடுத்திருந்தேன். சொன்ன பேச்சைக் கேட்டு, பழைய சந்தனத்தின் மேலேயே புதுச் சந்தனத்தை வைத்துக்கொண்டு வந்தாள்.

என் பங்கும் இல்லாமல் போகவில்லை. ரோட்டுப் புழுதி வீட்டுக்குள் வருகிறது, பல்லி ஓடுகிறது, ஓட்டு இடுக்கில் சாரல் அடிக்கிறது. லோடு ஏற்றியவன் மூடாமல் இருப்பானா? பரணில் லாரித் தார்ப்பாயின் மிச்சத் துண்டு ஒன்று கிடந்தது. அதை எடுத்துப் பெட்டியைச் சுற்றிப் போர்த்தி, நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டினேன். பட்டனுக்கும் ஒயர்களுக்கும் மனைவியின் சந்தனத்துக்கும் மட்டும் வழி விட்டேன். அவ்வளவு கச்சிதமான கட்டு. அப்படியே டெல்லிக்கு அனுப்பினாலும் அசையாமல் போய்ச் சேரும்.

அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் படிப்படியாகப் படுத்தது. முதல் வளைவு வரைக்கும் நன்றாக வரும். அப்புறம் திக்க ஆரம்பிக்கும். மூன்றாவது வளைவில் நான் பிரேக்கை அமுக்குவேன், அது யோசித்துப் பார்த்துப் பிடிக்கும். வாரம் போகப் போக அந்த யோசனை நீண்டுகொண்டே போனது. நானும் ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். பிரேக் தாமதமாகத்தான் பிடிக்கப்போகிறது என்று தெரிந்துவிட்டதால் வளைவு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அமுக்கிவைத்தேன். அப்படியும் தப்பவில்லை. தக்காளி, மாம்பழக் கூழ், புளி என்று தர்மபுரி மாவட்டத்தில் விளைந்த எல்லாவற்றையும் அந்தப் பள்ளத்தில் கொட்டி முடித்தேன்.

சிரிக்கிற மாதிரி எழுதுகிறேன். அப்போது சிரிப்பு வரவில்லை. பொம்மை லாரியையே இறக்க முடியாதவன் நிஜ லாரியை எங்கே இறக்கப் போகிறான்? கால் இப்போது சோறு சாப்பிடும்போதும் ஆட ஆரம்பித்தது. தட்டு குலுங்குவதைப் பார்த்தும் பார்க்காதது போல மனைவி ரசம் ஊற்றுவாள்.

தீபாவளி வந்ததால் மச்சினனுக்குக் கடையில் கூட்டம். வீட்டுப் பக்கமே வரவில்லை. வைத்தியமெல்லாம் போனிலேயே நடந்தது. தார்ப்பாயை அவன் பார்க்கவே இல்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. மூடிவைப்பதை யாராவது நோய் என்று சொல்வார்களா?

"டிரைவர் பழசா இருக்கும் மாமா. டிரைவர மாத்திப் பாக்கணும்," என்றான் ஒரு நாள். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஏதோ ஒரு சமாச்சாரத்துக்கு அப்படிப் பெயராம்.

"அதத்தான் ஓனரும் சொல்றாரு," என்று போனை வைத்துவிட்டேன்.

கார்த்திகை போய் மார்கழி வந்தது. ஓனர் போன் செய்து சுகம் விசாரித்தார். பொங்கலைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதிலிருந்தே அவர் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது.

பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்கிறேன் என்று மனைவி ஒரு நாள் காலையில் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினாள். கண்ணில் பட்ட துணியெல்லாம் தோய்க்கும் கல்லுக்குப் போயிற்று. நான் கடைக்குப் போய்விட்டு வருவதற்குள் என் கட்டை அவிழ்த்துத் தார்ப்பாயையும் தோய்த்துக் காயப்போட்டுவிட்டாள். போகிற போக்கில் மேசையை வாசல் பக்கம் இழுத்துவிட்டு, பெட்டியின் மேல் அண்டியிருந்த ஒட்டடையையும் விளக்குமாற்றால் தட்டியிருக்கிறாள். மத்தியானம் அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது நான் பழக்கதோசத்தில் உட்கார்ந்து கேமைத் திறந்தேன்.

முதல் வளைவு. இரண்டாவது. திக்கவில்லை. மூன்றாவது வளைவுக்கு வெகு முன்பே பிரேக்கை அமுக்கினேன். லாரி அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. மெதுவாக மறுபடி விட்டேன். அந்த வளைவு வந்தது. கண்ணாடியில் வெறும் ரோடு ஓடிக்கொண்டிருந்தது. தாண்டினேன். கடைசி இறக்கமும் போய் ரோடு சமமானபோது என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அதுவரை அங்கே போனதே இல்லை. லாரியை ஓரமாக நிறுத்தி, கேமில்தான், இண்டிகேட்டர் போட்டுவிட்டு அழுதேன்.

மனைவி ஈரக் கையோடு வந்து பார்த்தாள். "என்னாங்க, மறுபடியும் போச்சா?"

"இல்ல. எறங்கிட்டேன்."

மச்சினனுக்குப் போன் போட்டோம். முந்தின நாள் அவன் போனில் ஏதோ ஒரு செட்டிங்கைக் குறைக்கச் சொல்லியிருந்தான். "நான் சொன்னனா இல்லியா?" என்று ஆரம்பித்தவன் தன் அறிவைப் பற்றி வெகுநேரம் பேசினான்.

மறுநாள் தார்ப்பாய் காய்ந்தது. எடுத்துவந்து பழையபடி இழுத்துக் கட்டினேன், முன்னைவிட இறுக்கமாக. நல்லபடியாக ஓடுகிற சாமான் ஆயிற்றே, இன்னும் பத்திரமாக வைத்திருக்க வேண்டாமா? மத்தியானம் திறந்தால் மூன்றாவது வளைவில் காக்கை வானத்தில் நின்றது.

எனக்கு வந்த சந்தேகங்களை வரிசையாகச் சொன்னால் இது முடியாது. கரண்டு, அமாவாசை, கண் திருஷ்டி, அழித்த குப்பையின் சாபம். மனைவி அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்.

"நேத்து அது ஒண்ணும் போத்தாம இருந்துச்சு. இன்னிக்கு நீங்க போத்திட்டீங்க."

"அதுக்கும் இதுக்கும் என்னா இருக்குது?"

"எனக்கென்னா தெரியும். ஆனா உங்களப் போத்தி வெச்சா நீங்களும் புழுங்கித்தான போவீங்க."

கட்டை அவிழ்த்து, பெட்டி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து முதல் முறையாக அதன் வெறும் உடம்பில் கை வைத்தேன். உடனே எடுத்துவிட்டேன். தோசைக்கல் மாதிரி கொதித்தது.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்தான். பெட்டியைத் திருப்பி, பின்பக்கத்தைப் பார்த்தான். அங்கே ஓட்டை ஓட்டையாக ஒரு வட்டம் இருக்க வேண்டும். அதற்குள் சூட்டை வெளியே தள்ளும் ஃபேன் இருக்க வேண்டும். அடை அடையாகக் காய்ந்த சந்தனம்தான் இருந்தது. குங்குமம், ரோட்டுப் புழுதி, தார்ப்பாய் நூல் எல்லாம் சேர்ந்து ஒரு சுவரே எழும்பியிருந்தது.

"அக்கா, என்னாக்கா இது?"

"சந்தனம்."

"ஃபேனுக்கா வெச்ச?"

"ஃபேனுன்னு யாருக்குத் தெரியும்? வட்டமா இருந்துச்சு. சக்கரம்னு நெனச்சேன். அப்ப சுத்தவும் செஞ்சுது."

"இப்ப சுத்தலியே."

"ஆமா. நின்னுபோச்சேன்னுதான் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் சேத்து வெச்சேன்."

மச்சினன் என் பக்கம் திரும்பினான். "மாமா, நீங்க லாரிக்காரரு. ரேடியேட்டருக்கு முன்னாடி சாக்கு கட்டி மலையில ஏத்துனா வண்டி என்னா ஆவும்?"

"கொதிச்சு நிக்கும்."

"இதுவும் அதேதான். சூடு தாங்கலன்னா தன்ன காப்பாத்திக்க அது வேகத்தக் கொறச்சுக்கும். நான் உள்ள புல்லயும் மரத்தயும் வெட்டிட்டு இருக்கறேன், நீங்க ரெண்டு பேரும் வெளிய நின்னு அதோட மூக்கப் பொத்திட்டு இருந்திருக்கீங்க."

செல்போன் கழற்றும் ஸ்க்ரூ டிரைவரால் சந்தனத்தைச் சுரண்டி எடுத்தான். பழைய பிரஷ்ஷால் புழுதியைத் தட்டினான். ஃபேனைக் கழற்றித் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுச் சுற்ற வைத்தான். அதோடு உள்ளே மூளையின் மேல் பூசுவதற்குச் சின்னக் குழாயில் சாம்பல் நிறப் பசை ஒன்று கொண்டுவந்திருந்தான். அது சூட்டைக் கடத்துமாம். ஒரு பட்டாணி அளவு வைத்தான்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "இப்ப நீ மட்டும் என்னா பண்ற? இதுவும் பூசறதுதான?"

"இது உள்ள பூசறது, அக்கா."

"அத மொதல்லியே சொல்லியிருந்தா நான் உள்ளயே பூசியிருப்பேன்."

அதற்குப் பிறகு கேம் எண்ணெயாக ஓடியது. நிழல் திரும்பி வந்தது, புல் முளைத்தது, வெட்டிய மரமெல்லாம் துளிர்த்தது. நாள் தவறாமல் தொப்பூர் இறங்கினேன். ஒரு தக்காளிகூடச் சிந்தவில்லை. எல்லோருக்கும் சந்தோசம். எனக்குத்தான் ஒரு புதுச் சிக்கல். "எப்ப வண்டி ஏறப்போற?" என்று யாராவது கேட்டால் அதுவரை "கம்ப்யூட்டர் இன்னும் சரியாவல" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டவர்கள் ஒன்றும் புரியாமல் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அது எவ்வளவு வசதியான வியாதி என்று அது குணமான பிறகுதான் தெரிந்தது.

பொங்கல் நெருங்கியது. ஓனர் போன் செய்தார். "சேலத்துக்குப் புளி லோடு ஒண்ணு இருக்குது. ஆக்டிங் டிரைவர் பக்கத்துல உக்காந்து வருவான். பாக்கறீங்களா?" முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மனைவி எதிரில் நின்று என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரிங்க" என்றேன்.

ஆக்டிங் டிரைவர் என்னைவிடச் சின்னவன், சிரித்த முகம். பத்து நிமிசம் சும்மா இருக்கத் தெரியாதவன். தர்மபுரியைத் தாண்டும்வரை ஒன்றும் இல்லை. 'மலைப்பாதை, கீழ் கியரில் செல்லவும்' என்ற பலகை வந்ததும் கால் தன் வேலையை ஆரம்பித்தது. ஆக்ஸிலேட்டர் மேல் ஆடிய காலுக்கு ஏற்றபடி நிஜ லாரி விட்டு விட்டுப் போயிற்று. அத்தனை பாடுபட்டுக் கம்ப்யூட்டரில் நிறுத்திய திக்கல், இங்கே வந்து நிற்கிறது. எந்த நிழலை நிறுத்தலாம், எந்தப் புல்லை வெட்டலாம் என்று சொல்ல மச்சினன் பக்கத்தில் இல்லை.

கியரைக் குறைத்தேன். வளைவு தெரிவதற்கு முன்பே பிரேக்கைத் தொட்டேன். அந்த ஓட்டைக் கம்ப்யூட்டர் எனக்குக் கற்றுக் கொடுத்த ஒரே வித்தை அது.

"அண்ணே, வளைவு இன்னும் அந்தாண்ட இருக்குது."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் பண்றீங்களா? சரி சரி. நான் ஒரு தூக்கம் போட்டுட்டு வரேன்."

பின்னால் ஆரன் சத்தம் சேர்ந்துகொண்டே வந்தது. கண்ணாடியைப் பார்த்தேன். ஒரு ஊர்வலமே எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. எல்லோரும் என்னைத் திட்டிக்கொண்டு, எல்லோரும் மெதுவாக. அதைவிட நல்ல காட்சியை நான் கண்ணாடியில் பார்த்ததில்லை. அந்த வளைவில் சுவருக்குப் புதிதாகச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. கால் ஆடிக்கொண்டேதான் இருந்தது. ஆடிக்கொண்டே பிரேக்கைப் பிடித்தது, ஆடிக்கொண்டே விட்டது. வண்டி இறங்கிவிட்டது.

கீழே ஒரு ஓட்டல் முன்னால் ஓரங்கட்டினேன். டீ டம்ளரை மேசையில் வைத்துவிட்டுப் போய்த் தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துப் பார்த்தேன். ஓனர் போன் வந்தது.

"எங்க இருக்கீங்க?"

"கீழ இருக்கறேங்க."

"வண்டி?"

"அதுவும் கீழதாங்க இருக்குது."

"நின்னுட்டு இருக்குதா, படுத்துட்டு இருக்குதா?"

"நின்னுட்டுதாங்க."

"சரி. பொங்கல் முடிஞ்சதும் பெங்களூரு லோடு இருக்குது, நீங்களே எடுத்துக்குங்க. ஆக்டிங் பையன வேற வண்டிக்கு மாத்திக்கறேன். இப்ப சேலம் போயிட்டு மெதுவா ஏறி வாங்க."

ஏறி வர வேண்டும் என்பதை நான் நினைத்தே பார்த்திருக்கவில்லை. இறக்கத்தில் பிரேக் போகும். ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளும். இத்தனை மாதமாகக் கம்ப்யூட்டரில் ஒருமுறைகூட ஏறிப் பழகவில்லையே.

ஆக்டிங் டிரைவர் தன் டீயைக் குடித்து முடித்துவிட்டு என் டம்ளரையும் எடுத்துக்கொண்டான். "அண்ணே, நாம நடந்தே வந்திருந்தா இந்நேரம் சேலத்துல இட்லி சாப்ட்டுட்டு இருப்போம். இங்கருந்து நான் ஓட்டட்டுங்களா?"

வேண்டாம் என்று சொல்லி லாரிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். குனிந்தால் விழுந்துவிடுமே என்று தோன்றியது. எடுத்துக் கையிலேயே இறுக்கி வைத்துக்கொண்டேன்.